தோட்டப்புற நகரத்துப் பெண்பிள்ளையை ஸ்னூக்கர் ஆட்டக்காரியாக வளர்ப்பது எப்படி?

மகளுக்கு ஸ்னூக்கரில் ஆர்வம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, கியூ (பந்தை அடிக்கும் நீளக் கோல்) வாங்குவதற்கு முன் மேசைக்கு நேரம் தேடுங்கள் என்பதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் ஸ்னூக்கர் மையம் என்பது கடைவீட்டு மாடியில் சில மேசைகளோடு, வேலை முடிந்து வரும் ஆண்களை நம்பி நடக்கும் இடம். இரவு எட்டு மணிக்கு அங்கே ஒரு பெண்பிள்ளைக்குத் தனியாக மேசை கிடைப்பது அரிது. கிடைத்தாலும், ஆளுக்கொரு முறையாகச் சொல்லிக் கொடுப்பதில் அவள் கை குழம்பிவிடும். ஆகவே மையத்து உரிமையாளரை நேரில் பார்த்து, கூட்டமில்லாத முற்பகல் நேரத்தை வாரத்திற்கு இரண்டு நாளாவது ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். வயது வரம்பு பற்றி உரிமத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பள்ளிச் சீருடையோடு ஒருபோதும் அனுப்பாதீர்கள். தொடக்க ஆண்டுகளில் அம்மாவோ அப்பாவோ அத்தையோ கூடவே போய் உட்கார்ந்திருப்பது நல்லது.

பேசிய நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் மகள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வந்த ஆண்களுக்காக அவளைப் பாதியில் நிறுத்தி மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் எதுவும் பேசாமல் பந்துகளைத் தட்டில் அடுக்கிக் கொடுத்ததைப் பார்த்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டி, நாளும் மணியும் குறித்த ரசீது வாங்காமல் நான் எந்த மையத்திலும் ஏற்பாடு செய்ததில்லை.

கிடைத்த நேரத்தில் பாதியை ஒரே பயிற்சிக்குக் கொடுங்கள். வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவற்றின் புள்ளிகள் மேல் நேராக ஓட்டி, எதிர்ப்பக்கத்துக் குஷனில் (மேசை விளிம்பின் ரப்பர் ஓரத்தில்) பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து கியூவின் நுனியைத் தொடும்படி அடிக்க வேண்டும். மேசையின் நீளம் 12 அடி. பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். அடிக்கும்போது நுனி நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும், திரும்பி வரும் பந்து இடமோ வலமோ ஒதுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பந்தைப் பார்க்காமல் பிள்ளையின் முகவாயைப் பாருங்கள். முகவாய் கியூவைத் தொட்டபடியே இருக்க வேண்டும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில் தலை தூக்கினால் தோள் திரும்பும், முழங்கை வெளியே போகும். என் மகள் பத்து முறை அடித்தால் எட்டு முறை பந்தை நேராகத் திருப்பிக் கொண்டுவர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் அவளை யாரோடும் போட்டிக்கு விடாததுதான் நான் செய்த நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மழை பெய்து, இரவெல்லாம் ஏர்கான் அணைந்து கிடந்த அறையில் மேசைத் துணி கனத்துப் பந்து மெதுவாக ஓடும். உலகப் போட்டிகளில் துணிக்குக் கீழே இருக்கும் மேசைக் கல்லுக்கு அடியில் சூடேற்றி வைப்பதால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு முன்பே விளக்கிவிட்டு, மாதம் ஒரு முறையாவது ஈப்போவில் நல்ல மேசையில் ஆட வையுங்கள்.

கை நேரான பிறகு ஆண்களோடு ஆட விடத் தயங்க வேண்டாம். இங்கிலாந்தின் ரியான் எவன்ஸ் 2005 முதல் 2014 வரை தொடர்ந்து பத்து முறையும், பின்னர் 2016, 2019 ஆண்டுகளிலும் உலக மகளிர் பட்டத்தை வென்றவர். ஆனால் அவருடைய ஆட்டத்தின் தரத்தை எனக்கு உணர்த்தியவை, ஆண்களோடு அவர் ஆடிய ஆட்டங்கள். 2013ல் வூஷி கிளாசிக் தகுதிச் சுற்றில் தாய்லாந்தின் தெப்சையா உன்-நூவை 5-4 என்ற ஃபிரேம் (ஒரு முழுச் சுற்று ஆட்டம்) கணக்கில் வென்றார். 2015ல் முன்னாள் உலக வெற்றியாளர் கென் டோஹர்ட்டியிடம் 10-8 வரை போராடித் தோற்றார். வலுவானவரோடு நெருங்கித் தோற்பதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதை, எளிதான பத்து வெற்றிகள் கற்றுத் தராது.

நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு அது எட்டுமா என்று கேட்பவர்களுக்கு, ஹாங்காங்கின் இங் ஒன்-யீ 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் உலக மகளிர் பட்டம் வென்றதையும், 2022 முதல் 2025 வரை அந்தப் பட்டம் தாய்லாந்துக்கும் சீனாவுக்குமே போனதையும் சொல்கிறேன். 2017ல் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் வித்யா பிள்ளை இங் ஒன்-யீயிடம் 6-5 என்று கடைசி ஃபிரேமில்தான் தோற்றார். 2022ல் பட்டம் வென்ற தாய்லாந்தின் நுச்சருத், 2019ல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஒரு ஃபிரேமில் வழக்கமாக எடுக்கக்கூடிய உச்சமான 147 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்தவர்.

வருமானத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற அலிசன் ஃபிஷர்கூட 1995ல் அமெரிக்காவுக்குப் போய் பூல் வகையைச் சேர்ந்த ஒன்பது பந்து ஆட்டத்துக்கு மாறினார். 2021ல்தான் எவன்ஸுக்கும் இங் ஒன்-யீக்கும் மகளிர் சுற்றின் வழியாக இரண்டாண்டுத் தொழில்முறை அட்டை (தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை) கிடைத்து, மகளிர் சுற்றிலிருந்து ஆண்களோடு ஆடும் சுற்றுக்கு நேரடி வழி திறந்தது. ஆகவே பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மை விட்டுவிட்டு மேசையே கதி என்று இருக்க விடாதீர்கள். மாநிலப் போட்டியில் தொடங்கி, தேசிய அளவில் சில முறை ஆடி, அதன் பிறகு வெளிநாட்டுப் பயணத்துக்குச் சேமிப்பதே எங்கள் வீட்டில் நாங்கள் வகுத்துக்கொண்ட வரிசை.

கியூவைக் கடைசியாக வாங்கினால் போதும். உயரத்துக்குப் பொருந்துகிற, நேரான ஆஷ் மரக் கியூவாகப் பார்த்து வாங்குங்கள். உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வாங்கிய பின் அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் நண்பகல் சூட்டில் மரம் வளைந்துவிடும். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், பெட்டியோடு தோளில் மாட்டிக்கொண்டே இறங்கச் சொல்லுங்கள்.