மார்பக அழகு அறுவை சிகிச்சைக்குப் பின் சமநிலையைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

முதல் சில வாரங்களில் வீக்கம் இரு பக்கமும் ஒரே சீராக வடிவதில்லை என்பதால், அப்போது தெரியும் ஏற்றத்தாழ்வைக் கண்டு தயவுசெய்து மனம் உடைந்துவிடாதீர்கள். வடிவம் நிலைபெறப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களும், தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

மாதம் ஒருமுறை, கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்று, அதே இடத்தில், அதே தூரத்தில், கைப்பேசியை மார்பு உயரத்தில் வைத்துப் படமெடுங்கள். வடசென்னையின் இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற பகுதிகளின் நெருக்கமான வீடுகளில் ஒற்றைச் சன்னல் வழியே பக்கவாட்டில் விழும் வெளிச்சம், இல்லாத வித்தியாசத்தையும் இருப்பதுபோல் காட்டிவிடும்; எனவே திரையை மூடி, விளக்கு நேர் எதிரே இருக்குமாறு நில்லுங்கள். கழுத்தின் கீழுள்ள குழியிலிருந்து இரு காம்புகளுக்கும் அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சிறு வேறுபாடு இயல்பானதே. அறுவைக்கு முன்பும் அநேகமாக இருந்திருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்; இரவானால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.