வெளிநாட்டுப் படிப்பு: காலண்டரைப் பின்னாலிருந்து புரட்டுங்கள்

வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்று வந்து நிற்கும் ஜூனியர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வகுப்பு என்றைக்குத் தொடங்குகிறது? அந்தத் தேதி தெரிந்துவிட்டால் மற்ற எல்லாத் தேதிகளையும் அங்கிருந்து பின்னோக்கிக் குறித்துக்கொண்டே வரலாம்.

செப்டம்பர் கடைசியில் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். விசாவுக்கு ஜூன், ஜூலை. அதற்கு முன் பணத்துக்கான ஆதாரம். அதற்கும் முன் அட்மிஷன் கடிதம். விண்ணப்பம் முந்தைய டிசம்பர், ஜனவரிக்குள் போயிருக்க வேண்டும். அமெரிக்க மேற்படிப்புகள் பலவற்றின் கடைசித் தேதி அப்போதுதான் வரும். அதற்கு முன்னால் ஆங்கிலத் தேர்வு, சிபாரிசுக் கடிதங்கள். ஆக, ஒரு வருஷத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் நிம்மதி. ஆறே மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. பாதித் தலைமுடி கொட்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்காலர்ஷிப் வேண்டுமென்றால் கணக்கு இன்னும் பின்னால் போகும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு, படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே, ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டு வருஷ வேலை அனுபவமும் கேட்பார்கள். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். நவம்பரில் வந்து செவனிங் பற்றிக் கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வது?

அடுத்து, பல்கலைக்கழகம். தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவுக்கு டிஎல்ஐ பட்டியல், பிரிட்டனுக்கு உள்துறை வெளியிடும் ஸ்பான்சர் பதிவேடு, ஆஸ்திரேலியாவுக்கு கிரைகோஸ், அமெரிக்காவுக்கு எஸ்இவிபி அங்கீகாரம். எல்லாமே அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவில் கூடுதலாக ஒன்று: டிஎல்ஐ பட்டியலில் இருக்கும் எல்லாக் கல்லூரியிலும் படித்து முடித்தால் வேலை பெர்மிட் கிடைத்துவிடாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 'எங்கள் சேவை இலவசம்' என்னும் ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் கல்லூரியிடமிருந்து கமிஷன் வருகிறது. அதில் தப்பில்லை, ஆனால் கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2 ஆண்டுகள்தான் செல்லும். மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வின் மதிப்பெண் 5 ஆண்டுகள். ரொம்ப முன்னாலேயே எழுதி வைப்பதில் லாபமில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குறைந்தபட்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் 7 வாங்கியும், எழுத்துப் பிரிவில் 6 வந்ததால் விண்ணப்பம் நின்றுபோவது சகஜம்.

சிபாரிசுக் கடிதத்துக்கான இணைப்பு பெரும்பாலும் பேராசிரியரின் மெயிலுக்கு நேராகப் போய்விடும், உங்கள் கைக்கு வராது. பாதி நேரம் அது ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன புராஜெக்ட் செய்தீர்கள், கடைசித் தேதி எது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நல்ல கடிதம் எழுத அவருக்கு மனம் இருக்கும், உங்களைப் பற்றிய விவரம்தான் நினைவிருக்காது.

எஸ்ஓபி எனப்படும் நோக்கக் கட்டுரையை என்னிடம் காட்டினால், 'சிறு வயதிலிருந்தே எனக்கு' என்று தொடங்கும் பத்தியை முழுசாக அடித்துவிடுவேன். ஒரு தங்கை நீரியல் படிப்புக்கு எழுதியிருந்தாள். நீர் உயிர்களின் ஆதாரம், அது இது என்று ஒரு பக்கம். கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: கிணற்றில் இறக்கிய சென்சார் மழைக்காலத்தில் மட்டும் தப்பான அளவு காட்டியது, காரணம் தேடினேன். அதைத் தூக்கி முதல் வரியாகப் போடச் சொன்னேன். எப்படித் தேடினாள், எது பிடிபட்டது, எது இன்னும் பிடிபடவில்லை, அதற்கு அந்தப் படிப்பில் உள்ள எந்தப் பாடம் உதவும். கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் உதவித்தொகையுடன் மேற்படிப்பு இடம் கிடைத்து, உடனே பதில் கேட்டு நெருக்கினால், 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்ற ஒன்று இருப்பது ஞாபகம் இருக்கட்டும். அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

சரி, பணம். எவ்வளவு இருக்கிறது என்பதோடு எத்தனை நாளாக, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். பிரிட்டன் விசாவுக்கு முதல் வருஷக் கட்டணத்தில் பாக்கியும், அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்குள் வர வேண்டும். ஆகஸ்ட் 10 அன்று விண்ணப்பிக்கிறீர்கள், கணக்கு அறிக்கை ஜூலை 20 வரை என்றால், ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை ஒரு நாள்கூடத் தொகை குறையக் கூடாது. நடுவில் யாரோ அவசரத்துக்கு எடுத்து மறுநாளே திருப்பிப் போட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். அப்பா அம்மா கணக்கைக் காட்டலாம். பிறப்புச் சான்றும் அவர்கள் சம்மதக் கடிதமும் சேர்த்து வையுங்கள். முன்பணம் கட்டியிருந்தால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் 'காஸ்' (CAS) என்னும் சேர்க்கை உறுதி ஆவணத்தில் அது ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஏறியிருந்தால் காட்ட வேண்டிய தொகை அந்த அளவு குறையும்.

ஜெர்மனி வேறு மாதிரி. மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற 'பிளாக்டு அக்கவுண்ட்' என்னும் கணக்கில் மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை வருஷத்துக்கு 11,904 யூரோ ஆனது. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை, அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு.

பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். கல்விப் பருவத்தில் பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரம், கனடாவில் கல்லூரிக்கு வெளியே 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. சாப்பாட்டுச் செலவுக்கு ஆகும். அதுவும் வேலை கிடைத்தால்.

அப்புறம், முன்பணம் கட்டுவதற்கு முன் ரீஃபண்ட் விதியைப் படித்துவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், எந்தத் தாளைக் காட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று பாருங்கள். விசா தாமதமானால் எந்தத் தேதி வரை வந்து சேரலாம், அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போட முடியுமா என்பதை இப்போதே மெயிலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். டிக்கெட்டை விசா வந்த பிறகு எடுத்தால் போதும். அமெரிக்காவுக்கு எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவர்களை, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் விலை குறைவு என்று முன்தேதியில் எடுத்துவிடாதீர்கள்.