மூக்கைத் துடைத்துத் துடைத்துப் புண்ணாகிவிட்டதா? இப்படிச் செய்யுங்கள்

ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். அதற்குள் மூக்கோரமும் மேலுதட்டுப் பக்கமும் சிவந்து, தோல் உரிந்து, முகம் கழுவினாலே எரியும். உப்புத்தன்மையுள்ள மூக்குநீரில் தோல் ஊறுகிறது, காய்கிறது, அதன்மேல் துணி உரசுகிறது. நாள் முழுக்க இதே கதை. ஆக, உரசலைக் குறைக்க வேண்டும், ஈரம் தோலில் படாமல் தடுக்க வேண்டும்.

1. துணியை மாற்றுங்கள். ஒரே கைக்குட்டையைப் பையில் திணித்து வைத்தால் அது காய்ந்து மொரமொரவென்று ஆகிவிடும். அதை வைத்தா தோலைத் தேய்ப்பது? பழைய பருத்தி வேட்டியோ நூல் சேலையோ இருந்தால் சிறு துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பலமுறை துவைத்த துணியின் மென்மை புதுக் கைக்குட்டைக்கு வராது. ஒரு துண்டு ஈரமானதும் அடுத்ததை எடுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தினால் மறுபடி பயன்படுத்தலாம். டிஷ்யூ என்றால் வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். ஓட்டலில் தரும் பேப்பர் நாப்கின் வேண்டாம்.

2. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் மெதுவாகச் சிந்துங்கள். மூக்குத்தி போட்டவர்கள் அந்தப் பக்கத்தில் கூடுதல் கவனமாக இருங்கள்; துணி நூல் மாட்டி இழுத்தால் உயிர் போகும்.

3. பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். இதில் நேரம்தான் முக்கியம். எரிச்சல் தொடங்கிய பிறகு அல்ல, மூக்கு ஒழுகத் தொடங்கிய அன்றே பூச வேண்டும். ஜெல்லி தோலுக்கும் மூக்குநீருக்கும் நடுவே ஒரு மறைப்பாக நிற்கும். ஏற்கெனவே புண்ணாகிவிட்டால், வெதுவெதுப்பான நீரில் ஒற்றிச் சுத்தம் செய்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மெல்லியதாகப் பூசுங்கள். கையைக் கழுவிவிட்டு டப்பாவைத் தொடுங்கள். துடைக்கும்போது ஜெல்லியும் போய்விடும், எனவே பகலில் பலமுறை பூச வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். எதுவானாலும் வெளித்தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூக்குக்குள் எண்ணெய்ப் பொருளை நாள்கணக்கில் விட்டுவந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும்.

4. தைலத்தைத் தள்ளி வையுங்கள். நம் வீடுகளில் மூக்கு என்றாலே கை தைலத்துக்குத்தான் போகும். கற்பூரமும் மென்தாலும் உரிந்த தோலில் பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த எதுவும் கூடாது. மஞ்சள் பற்றும் இப்போது வேண்டாம். காய்ந்து இறுகி, உரிக்கும்போது தோலையும் இழுக்கும்.

5. உள்ளே காய்ந்து பொருக்குக் கட்டினால் நோண்டாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைன் (உப்புநீர்) சொட்டு இரண்டு விட்டால் இளகிவிடும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் இந்தத் தொல்லை அதிகம், அதனால் ஏசியின் குளிர்ச்சியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

சரி, எப்போது டாக்டரிடம் போவது? புண்ணின்மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், சீழ் வைத்தால், சிவப்பு கன்னத்துக்குப் பரவினால், காத்திருக்க வேண்டாம். தேன் நிறப் பொருக்கு பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. குழந்தைகளிடம் சீக்கிரம் பரவும், அதனால் அந்தத் துணியையும் துண்டையும் தனியாக வையுங்கள்.