சுவிஸில் குடும்பத்தோடு ரயில் பயணம்: எந்தக் கார்டை எடுப்பது, எதை விடுவது

சுவிஸுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வீட்டுக்கு மேசை கதிரை வாங்கி முடித்த பிறகுதான் ஊர் சுற்றிப் பார்க்கும் யோசனை வரும். எஸ்பிபி என்ற சுவிஸ் ரயில் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து, சூரிச்சிலிருந்து பேர்ணுக்கு நாலு பேருக்கு டிக்கெட் பார்த்தால் யோசனை பாதி அடங்கிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது, "ஒரு பாஸ் எடுத்துவிடுங்கோ, அதுதான் லாபம்" என்று சொல்வார்கள். எந்தப் பாஸ், யாருக்கு லாபம் என்று திருப்பிக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பெரிய பாஸ் பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. பெரியவர்களுக்கு ஹால்ப்டாக்ஸ் என்ற பாதி விலைக் கார்டு, பிள்ளைகளுக்கு ஜூனியர் கார்டு. இந்த இரண்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். கீழே வரும் விலைகள் 2025-ல் இருந்தபடி, இரண்டாம் வகுப்புக்கு.

ஜூனியர் கார்டு ஒரு பிள்ளைக்கு வருடம் 30 பிராங். ஆறு வயது முடிந்ததிலிருந்து பதினாறாவது பிறந்தநாள் வரை, செல்லுபடியாகும் டிக்கெட்டோடு போகும் அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால், பிள்ளைக்கு வேறு டிக்கெட் வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எதுவுமே தேவையில்லை, பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும். இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கார்டு பெற்றோருக்கு மட்டும்தான். சித்தியோ மாமாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் ஜூனியர் கார்டு உதவாது. அதற்குக் கிண்டர் மிட்ஃபார்கார்டே என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதுவும் 30 பிராங்தான். கூட்டிக்கொண்டு போகிறவர் யார் என்று அதில் பதிந்திருக்கும்.

ஹால்ப்டாக்ஸ் முதல் வருடம் 190 பிராங். ரயில், பஸ், கப்பல் என்று பெரும்பாலான டிக்கெட்டுகள் பாதி விலைக்கு வரும். நகரத்துக்குள் ஓடும் டிராம், பஸ்ஸுக்கும் குறைந்த கட்டணம் உண்டு, ஆனால் அது எப்போதும் சரிபாதியாக இருக்காது.

இப்போது பேர்ண் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சூரிச்–பேர்ண் ஒரு வழி முழுக் கட்டணம் 50 பிராங்குக்குச் சற்று மேலே. கணக்குக்கு 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, எட்டு வயதில் ஒன்று, பன்னிரண்டு வயதில் ஒன்று. கார்டு எதுவும் இல்லாமல் போய்வந்தால் பெரியவர்களுக்கு 200, பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் 100, மொத்தம் 300. ஜூனியர் கார்டு வந்ததும் 200 ஆகிவிடும். ஹால்ப்டாக்ஸும் சேர்ந்தால் 100. நாலு கார்டுக்கும் முதல் வருடச் செலவு 440, ஒரு பயணத்தில் மிச்சம் 200. மூன்றாவது தடவை போகும்போது போட்ட காசு திரும்பி, மேலே 160 கையில் நிற்கும். பேர்ண் ஐரோப்பாபிளாட்சில் சமயங்களின் இல்லத்தில் இருக்கும் ஞானலிங்கேச்சுரர் கோயிலுக்குத் திருவிழா, திருமணம் என்று வருடத்தில் மூன்று தடவை போகிற குடும்பங்கள் எத்தனையோ.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஹால்ப்டாக்ஸ் எடுக்கச் சொல்ல மாட்டேன். நம்மில் பலர் உணவக வேலை செய்கிறோம், சனி ஞாயிறு லீவு கிடைப்பதில்லை. அம்மாவும் பிள்ளைகளும் அடிக்கடி போவார்கள், அப்பா வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் சேருவார். அப்படியென்றால் அப்பாவுக்கு ஹால்ப்டாக்ஸ் நட்டம். அவருக்கு உங்கள் கெமைண்டே (ஊராட்சி) அலுவலகத்தில் வாங்கும் நாள் கார்டு போதும்.

இந்த நாள் கார்டைப் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஷ்பார்டாகெஸ்கார்டே கெமைண்டே என்பது அதன் பெயர். 2024 ஜனவரியிலிருந்து பழைய நாள் அட்டைக்குப் பதிலாக வந்தது. அந்த ஒரு நாள் முழுக்க நாடெங்கும் ரயில், பஸ், டிராம், ஏரிக் கப்பல் எல்லாவற்றிலும் ஏறலாம். ஹால்ப்டாக்ஸ் உள்ளவருக்கு 39 பிராங், இல்லாதவருக்கு 52. பயணத்துக்குப் பத்து நாள் முன்புவரைதான் இந்த விலை. அதற்குப் பிறகு, பயணத்துக்கு முந்தைய நாள் வரை, ஹால்ப்டாக்ஸ் உள்ளவருக்கு 59, இல்லாதவருக்கு 88. எண்ணிக்கை மட்டு என்பதால் முடிந்துவிட்டால் முடிந்ததுதான். கார்டில் பயணிப்பவரின் பெயர் இருக்கும், ஆகவே அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அந்த அப்பா மூன்று நாள் போனால் 156 பிராங். ஹால்ப்டாக்ஸ் எடுத்திருந்தால் கார்டுக்கே 190 போயிருக்கும்.

ஹால்ப்டாக்ஸ் கையில் இருப்பவர் எப்போது டிக்கெட் வாங்குவது, எப்போது நாள் கார்டு எடுப்பது? ஹால்ப்டாக்ஸில் போய்வரும் செலவு, ஒரு வழி முழுக் கட்டணத்துக்குச் சமம். ஆகவே ஆப்பில் ஒரு வழி முழு விலையை மட்டும் பாருங்கள். 39-ஐத் தாண்டினால் கெமைண்டே கார்டு, தாண்டாவிட்டால் சாதாரண டிக்கெட். சூரிச்சிலிருந்து லுசேர்ன் 30 பிராங்குக்குள் அடங்கும், அதற்கு எந்த நாள் கார்டும் வேண்டாம். பேர்ண் தாண்டும். ஜெனீவாவுக்கு 90-க்கு மேல், யோசிக்கவே தேவையில்லை. லுசேர்ன் போய் அங்கே கப்பலும் ஏறி, வேறு வழியாகத் திரும்புவது என்றால் மூன்று டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதே நாள் கார்டை எஸ்பிபி நேரடியாகவும் விற்கிறது. ஹால்ப்டாக்ஸோடு 29 பிராங்கிலிருந்து தொடங்கும், ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும். கேட்பார் கூடக்கூட விலை ஏறும். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைக்கு முதல் நாள் இரவு பார்த்தால் 29 என்பது கண்ணிலேயே படாது.

மழை வந்தால்? இந்த மலிவுக் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க முடியாது. திருமணம், கோயில் திருவிழா, மரியாஸ்டைன் மாதா கோயில் யாத்திரை என்று தேதி மாறாத பயணத்துக்கு முன்கூட்டியே எடுங்கள். மலைக்குப் போவதென்றால் வானிலை பார்த்து, முதல் நாள் மாலை ஹால்ப்டாக்ஸ் விலையில் சாதாரண டிக்கெட் எடுப்பதுதான் நல்லது. மேகத்துக்குள் நின்று படம் எடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

மலை என்றால் இன்னொரு விஷயம். நாள் கார்டு எல்லா மலை உச்சிக்கும் போகாது. யுங்ஃபிராவ்யோக் என்ற உயர் மலை ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் கிரிண்டல்வால்ட், வெங்கன் வரைதான் அதில் போகலாம், மேலே தனிக் காசு. இன்டர்லாக்கனிலிருந்து உச்சிக்குப் போய்வர முழுக் கட்டணம் கோடையில் 200 பிராங்கைத் தாண்டும், ஹால்ப்டாக்ஸுக்குப் பாதி. அந்த ஒரு பயணத்திலேயே கார்டு விலையில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு மலை ரயில்களில் விதி இடத்துக்கு இடம் வேறு, அந்தந்த ரயிலின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கேஆ என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லும், நாடு முழுக்கச் செல்லுபடியாகும் வருடப் பாஸ்? வருடம் 3995 பிராங். மாதம் 330 பிராங்குக்கு மேல் ஹால்ப்டாக்ஸ் டிக்கெட்டுக்கே செலவழிப்பவருக்கு அது சரி. தினமும் தூரத்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எடுக்கட்டும். குடும்பத்தோடு சுற்றுவதற்கென்று எடுக்க வேண்டாம். இடையில் ஹால்ப்டாக்ஸ் பிளஸ் இருக்கிறது: 800 பிராங் கட்டினால் 1000-க்குப் பயணம், 1500-க்கு 2000, 2100-க்கு 3000. வருட முடிவில், கட்டிய காசில் செலவாகாத பகுதி திரும்ப வரும், மேலதிகம் மட்டும் போய்விடும். வேலைக்கும் ரயிலில் போய், கேஆ அளவுக்குச் செலவும் இல்லாதவருக்கு இது பொருந்தும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கணக்கு வேறு. சுவிஸ் டிராவல் பாஸ் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே, உங்களுக்குக் கிடைக்காது. மூன்று நாளுக்கே 200 பிராங்கைத் தாண்டும். நாளொன்றுக்கு ஒரு ஊர் என்று ஓடுபவர்களுக்கும், அருங்காட்சியகம் பார்ப்பவர்களுக்கும் நல்லது. மூன்று மாத விசாவில் வந்து பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் தொடர்ந்து மூன்று நாள் வெளிக்கிடுவார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலியோடு தொடர்ச்சியாக ரயில் ஏற யாருக்கும் ஆசை இருக்காது. அவர்களுக்கும் 52 பிராங் கெமைண்டே கார்டு நாலு நல்ல நாளுக்கு எடுத்தால் போதும். முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து போகும்போது மாடி ரயிலில் குடும்பப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இரட்டை மாடி இன்டர்சிட்டிகளில் மேல் தளத்தில் சறுக்குமரத்தோடு விளையாட்டு இடமே உண்டு.

எல்லை தாண்டிப் போவது பற்றிச் சுருக்கமாக. பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பேலுக்குக் கடை பார்க்கப் போவதற்கு, பல நாட்டு ரயில்களில் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் வேண்டாம். பாஸ் இருந்தாலும் டிஜிவி லிரியா அதிவேக ரயிலில் இருக்கைப் பதிவுக்குத் தனிக் காசு, முன்கூட்டி எடுத்த சாதாரண டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு. மூன்று நாலு நாடு சுற்றினால் மட்டும் இன்டர்ரெயிலை யோசியுங்கள். அதில் பதினொரு வயது வரையிலான பிள்ளைகள், ஒரு பெரியவருக்கு இருவர் வரை, இலவசம். ஜெர்மனியில் உறவினர் வீடுகளுக்கு மெதுவாகப் போய் வருவதென்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2025-ல் மாதம் 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. பிராந்திய ரயில்களுக்கு மட்டும், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது. அது மாதச் சந்தா என்பதால், வாங்கிய மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்துச் செய்யாவிட்டால் அடுத்த மாதமும் காசு போகும்.

இங்கே ஹால்ப்டாக்ஸும் அப்படித்தான், தானாகவே அடுத்த வருடத்துக்குப் போய்விடும். இரண்டாம் வருடத்திலிருந்து 170 பிராங். வேண்டாமென்றால் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். மூத்த பிள்ளைக்குப் பதினாறு ஆகும் வருடத்தில் ஜூனியர் கார்டு நின்றுவிடும். அப்போது இளையோர் ஹால்ப்டாக்ஸ் எடுங்கள், முதல் வருடம் 120 பிராங்.