ரசிகைகளின் பாட்காஸ்ட்: அறிவியல் புனைவைப் பேசிப் பதிந்து வெளியிடும் முறை

தொடரின் கடைசிப் பகுதி முடிந்ததும் இரண்டு தோழிகள் போனில் ஒன்றரை மணி நேரம் பேசித் தீர்ப்பார்கள். அந்தப் பேச்சை அப்படியே பதிந்து வெளியிட்டால் பாட்காஸ்ட் ஆகாது. பேசும் இருவருக்கும் முன்கதை தெரியும், ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் மற்றவருக்குப் புரிந்துவிடும். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்காகக் கொஞ்சம் ஏற்பாடு செய்ய வேண்டும். அரட்டையின் சூடும் ஆறக்கூடாது. வேலையே அதுதான்.

ஒரு எபிசோடுக்கு ஒரு கேள்வி

கதைச் சுருக்கத்துக்கு 90 நொடிக்கு மேல் கொடுக்காதீர்கள். கதை தெரிந்தவருக்கு அது அரைத்த மாவு. தெரியாதவருக்கோ பெயர்கள் மட்டும் மழையாகக் கொட்டும். எபிசோடைத் தாங்குவது கேள்விதான். 'இந்தத் தொடர் நன்றாக இருக்கிறதா' என்பதற்கு மூன்று நிமிடத்தில் பதில் முடிந்துவிடும். 'நானூறு பேர் தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் விண்கலத்தில் குழந்தைகளை யார் வளர்க்கிறார்கள்? கதை ஏன் அந்த அறைக்குள் நுழைவதே இல்லை?' என்று கேட்டுப் பாருங்கள். முக்கால் மணி நேரம் போதாது.

பெக்டெல் சோதனையைப் பயன்படுத்துவதிலும் இதே விஷயம் உண்டு. 1985இல் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெல் ஒரு சித்திரப் பட்டையில் வைத்த சோதனை அது: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. தேறியது, தேறவில்லை என்று மதிப்பெண் போட்டால் இரண்டே நிமிடம். தேறாத படத்தில் எந்த இரண்டு பாத்திரங்கள் பேசியிருக்க வேண்டும், பேசியிருந்தால் கதை எங்கே திரும்பியிருக்கும் என்று போனால் அது எபிசோடாகும்.

ஆளுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். அதில் மூன்று கருத்துகள், சரிபார்த்த பெயர்களும் ஆண்டுகளும், கூடப் பேசுபவரோடு மோதும் ஓர் இடம். மோதல் எதுவும் கிடைக்காவிட்டால் எபிசோடை 20 நிமிடத்தில் முடியுங்கள். எல்லாரும் ஒத்துப்போகும் ஒரு மணி நேரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பிறமொழிப் பெயர்களின் உச்சரிப்பையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடுமாறினால், சிறு பிழைக்காகவே காத்திருக்கும் கேட்பவருக்கு அது தீனி.

அப்படிப்பட்டவர்கள் நிச்சயம் வருவார்கள். 'நிஜ ரசிகைதானா' என்று வினாடி வினா நடத்துவார்கள். பதில் சொல்லி மாளாது, ஆனால் வரலாறு கையில் இருந்தால் பேச்சுக்கு அழுத்தம் கூடும். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடருக்கு வந்த முதல் ரசிகர் இதழான ஸ்பாக்கனேலியாவை 1967இல் தொகுத்தவர்கள் இரண்டு பெண்கள். அந்தத் தொடரை நிறுத்தாமல் மூன்றாவது பருவத்துக்குக் கொண்டுபோகக் கடித இயக்கம் நடத்தியவர் பீஜோ டிரிம்பிள், கணவர் ஜானோடு சேர்ந்து. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண் பெயரில் அறிவியல் புனைகதைகள் எழுதியவர் அலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது 1977இல் வெளியே வந்தது. அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதில் ரசிகர் பாட்காஸ்டுக்கான பிரிவு 2012இல் தொடங்கியது. ஆஸ்திரேலியப் பெண்கள் மூவர் நடத்திய கேலக்டிக் சபர்பியா 2015இல் அதை வென்றது.

மைக்கும் அறையும்

எதிரொலி அடக்காத சாதாரண அறையில் கண்டென்சர் மைக் வேண்டாம், டைனமிக் மைக் எடுங்கள். கண்டென்சர் தெருச் சத்தத்தையும் சுவர் எதிரொலியையும் சேர்த்தே அள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்தால், 'ப' சொல்லும்போது வரும் காற்றடி குறையும். துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது, விலை கொடுத்து வாங்கும் பல நுரைத் தகடுகளைவிட நன்றாக வேலை செய்யும்.

ஒரே மைக்கை நடுவில் வைத்து எதிரெதிரே உட்காருவது பொதுவான தவறு. பெரும்பாலான மைக்குகள் முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் வகை. பின்னால் இருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருப்பார். ஒரே அறையில் இரண்டு மைக் வைத்தால், உங்கள் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது மைக்குகளுக்கு நடுவே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து, குழாய்க்குள் பேசும் ஒலி வரும்.

பெண் குரலுக்கான அமைப்புகள்

எடிட்டிங் மென்பொருளில் வரும் பல தயார் அமைப்புகள் தாழ்ந்த ஆண் குரலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வளர்ந்த பெண்ணின் பேச்சுக் குரலுக்கு அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 165 முதல் 255 ஹெர்ட்ஸ். 'வானொலிக் குரல்' என்று பெயரிட்ட அமைப்பு 100 ஹெர்ட்ஸை உயர்த்தினால், அங்கே உங்கள் குரலே இல்லை. உயர்வது மேசை அதிர்வும் மின் இரைச்சலும்தான். எனவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தயங்காமல் வெட்டலாம்.

'ஸ' ஒலியின் சீறலும் அப்படியே. பெண் குரலில் அது பெரும்பாலும் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். சீறலை அடக்கும் டீ-எஸ்ஸரை 5 கிலோஹெர்ட்ஸிலேயே விட்டுவிட்டால் சீறல் அப்படியே நிற்கும், பேச்சின் தெளிவு மட்டும் மழுங்கும். 'ஸ' வரும் இரண்டு மூன்று சொற்களைச் சுழலவிட்டு, சீறல் அடங்கும் இடம் வரை அதிர்வெண்ணை நகர்த்திப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்செட்டின் மைக் வேண்டவே வேண்டாம். அழைப்பு முறைக்குப் போனதும் அது 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளை அடையாளம் காட்டும் பகுதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மிஞ்சுவது மூக்கடைத்த, கீச்சென்ற குரல். 'உங்கள் குரல் காதைக் குத்துகிறது' என்று கடிதம் வந்தால், முதலில் மலிவான இயர்போனில் போட்டுக் கேளுங்கள். குற்றம் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸை ஏற்றிய அமைப்பில் இருந்தால் சரிசெய்யுங்கள். ஒலியில் குறையே இல்லை என்றால் அந்தக் கடிதத்துக்குப் பதில் தேவையில்லை.

இரண்டு குரல்களும் ஒரே மாதிரி இருந்தால் யார் பேசுகிறார் என்று கேட்பவர் குழம்புவார். ஒருவரை இடப்பக்கம் 15 சதவீதமும் மற்றவரை வலப்பக்கம் 15 சதவீதமும் தள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஒற்றைக் காதில் கேட்பவருக்கு ஒருவர் குரல் தேய்ந்துவிடும். முதல் ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லியே ஒருவரையொருவர் கூப்பிடுங்கள்.

பதிவு

வேறு வேறு ஊரில் இருந்தால் பேசுவது இணைய அழைப்பில், பதிவது அவரவர் கணினியில். எல்லாரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் கோப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 44.1இல் பதிந்த கோப்பை மென்பொருள் 48 என்று எடுத்துக்கொண்டால், அவர் குரல் மெலிந்து வேகமாக ஓடும். தொடக்கத்தில் மூன்று எண்ணி எல்லாரும் ஒன்றாகக் கைதட்டுங்கள், முடிவிலும் ஒரு முறை. கணினிக் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. ஒரு மணி நேரத்தில் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவுக்கு விலகலாம். இரண்டாவது கைதட்டல்தான் விலகல் எவ்வளவு என்று காட்டும். மௌனமான இடங்களில் வெட்டி நகர்த்தினால் சரியாகிவிடும்.

சாதாரணப் பேச்சின் உச்சம் -12 டெசிபெலில் நிற்கட்டும். ரசிகைகள் பேசினால் சிரிப்பு வெடிக்கும், அதற்கு மேலே இடம் வேண்டும். உடைந்து பதிவான சிரிப்பை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. எல்லாரும் ஹெட்போன் போடுவது கட்டாயம். பேச்சு தொடங்கும் முன் 10 நொடி யாரும் பேசாமல் இருங்கள், இரைச்சல் நீக்க அந்த மாதிரி வேண்டும்.

எடிட்டிங்

ஆடாசிட்டி போதும், இலவசம். வரிசை இது: இரைச்சல் நீக்கம், தாழ் அதிர்வெண் வெட்டு, 3:1 கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்கிச் சமன்படுத்துவது), டீ-எஸ்ஸர், கடைசியில் ஒலியளவு. இரைச்சலை 12 டெசிபெலுக்கு மேல் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் போனது போலாகும். ஒலியளவு ஸ்டீரியோவுக்கு -16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), மோனோவுக்கு -19, உச்சம் -1 டெசிபெல். குரல்களைப் பக்கம் பிரித்திருந்தால் ஸ்டீரியோவாக 128 கேபிபிஎஸ் எம்பி3. 45 நிமிடத்துக்கு ஏறத்தாழ 43 எம்பி வரும்.

ஒவ்வொரு 'ம்'மையும் வெட்ட உட்கார்ந்தால் விடிந்துவிடும். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் இரக்கமில்லாமல் வெட்டுங்கள். நலம் விசாரிப்பு, 'சத்தம் கேட்கிறதா', 'என்ன பேசப்போகிறோம் என்றால்' எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும்.

ஸ்பாய்லர், உரிமை, ஃபேன்ஃபிக்

எந்தப் பருவம், எத்தனையாவது புத்தகம் வரை பேசுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அதைத் தாண்டும் பகுதியைக் கடைசியில் வைத்து நேரக்குறி கொடுங்கள். யார் சாகிறார் என்பதைத் தலைப்பில் போடாதீர்கள், தலைப்பு போன் அறிவிப்பில் தானாகவே வந்து நிற்கும்.

'30 நொடி வரை பாட்டு போடலாம்' என்பது வதந்தி, அப்படி ஒரு நொடிக்கணக்கு சட்டத்தில் கிடையாது. படத்தின் இசை வேண்டாம், அட்டைப்படத்துக்கு விளம்பரப் படமும் வேண்டாம். உங்களுக்காகவே ஒருவரை வரையச் சொல்லுங்கள்: 3000×3000 பிக்சல் சதுரம், 1400க்குக் குறையக் கூடாது. ரசிகர்கள் எழுதும் கதையான ஃபேன்ஃபிக்கை வாசித்துக் காட்டுவதற்கு எழுதியவரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். அவருடைய புனைபெயரையும் நிஜப் பெயரையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது ரசிகர் உலகில் மன்னிக்கப்படாத குற்றம். மன்னிக்காததும் சரிதான்.

வெளியிடும் முன்

எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஊட்டத்தில் உரிமையாளரின் மின்னஞ்சல் இடம்பெறக்கூடும், யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து படிக்கலாம். பாட்காஸ்டுக்கென்று தனி முகவரி உருவாக்குங்கள். ஊட்டத்தின் இணைப்பை உலாவியில் திறந்து, உள்ளே உங்கள் பெயரும் முகவரியும் தென்படுகின்றனவா என்று நீங்களே தேடுங்கள். இணையதளப் பெயர் பதிவில் தனியுரிமைக் காப்பை இயக்குங்கள். பாத்திரங்களைப் போல வேடமிட்ட காஸ்ப்ளே படங்களை ஏற்றும் முன் இருப்பிடத் தகவலை நீக்குங்கள், ஜன்னல் வழியே தெரியும் கட்டடத்தையும் கவனியுங்கள். ரசிகர்கள் கூடும் கன்வென்ஷனுக்குப் போனால், எந்த விடுதி என்பதைத் திரும்பி வந்த பிறகு சொல்லலாம்.

வரும் கடிதங்களை முதலில் படிப்பவர் மைக்கில் பேசாத ஒருவராக இருந்தால் நல்லது. மிரட்டல் வந்தால் தேதியும் முகவரியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் தடை செய்யுங்கள். முதலில் தடை செய்துவிட்டால் சான்று கைநழுவிப் போகலாம். விருந்தினரிடமும் இதையெல்லாம் முன்பே சொல்லுங்கள், எந்தப் பெயரில் அறிமுகம் வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்று எபிசோடுகள் தயாரானதும் வெளியிடத் தொடங்குங்கள், மாதம் இரண்டு போதும். வெளியான பிறகு பிழை கண்டால் ஒலிக்கோப்பை மட்டும் மாற்றுங்கள். எபிசோடை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் அடையாள எண் மாறும், சந்தாதாரர்களுக்கு அதே எபிசோட் இரண்டாம் முறை வந்து இறங்கும்.