வழுவை எந்தப் பொதியின் பெயரில் பதிவது?

லினக்ஸில் ஒரு வழு (நிரலில் உள்ள பிழை) கண்ணில் பட்டு, அதைத் தெரிவிக்கப் போனால் முதல் கேள்வியே "எந்தப் பொதி?" என்பதுதான். பொதி என்றால் ஒரு நிரலை நிறுவ உதவும் கோப்புத் தொகுப்பு. புதியவர்கள் பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தோன்றிய பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது அறிக்கை சம்பந்தமில்லாத ஒருவரிடம் போய்க் கிடக்கும், சரிசெய்யக்கூடியவர் பார்வைக்கே வராது.

முதலில் நிரலின் உண்மைப் பெயர் வேண்டும். மெனுவில் இருப்பது பெரும்பாலும் அதுவல்ல. குனோம் என்ற டெஸ்க்டாப் சூழலில் "கோப்புகள்" என்று தெரிவது நாட்டிலஸ். பெயர் பிடிபடவில்லையா? யூஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்று போய், அந்த நிரலின் டெஸ்க்டாப் கோப்பைத் திறங்கள். "எக்ஸெக்" என்று தொடங்கும் வரியில் இருப்பதுதான் உண்மையில் ஓடும் நிரல்.

அப்புறம் டெர்மினலில் "விச்" கட்டளையோடு அந்தப் பெயரைக் கொடுத்தால், நிரல் இருக்கும் முழுப் பாதை வரும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் "டிபிகேஜி" கட்டளை, ஒரு சிறுகோடு, அதை ஒட்டிப் பெரிய எழுத்து எஸ், பிறகு அந்தப் பாதை. பொதியின் பெயர் வந்துவிடும். ஃபெடோராவில் "ஆர்பிஎம்", ஆர்ச்சில் "பேக்மேன்" இதே வேலையைச் செய்யும். நிரல் ஸ்னாப், ஃபிளாட்பேக் எனப்படும் தனி வடிவப் பொதியாக வந்திருந்தால் டெபியன் பொதியின் மேல் பதியாதீர்கள்; அதை வெளியிட்டவரிடம் சொல்லுங்கள்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் குற்றம் அந்தப் பொதியில்தானா? நான் அதிகம் கவனிக்கச் சொல்வது இதைத்தான். ஈவின்ஸ் என்ற பிடிஎஃப் காட்டியில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள், எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன. அதே கோப்பை ஒகுலர் என்ற இன்னொரு காட்டியில் திறங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் மியூபிடிஎஃப்பில் பாருங்கள். ஈவின்ஸும் ஒகுலரும் பிடிஎஃப்பை வரையப் பாப்ளர் என்ற ஒரே நூலகத்தை (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுதியை) நம்பியிருப்பவை. மியூபிடிஎஃப்புக்குச் சொந்த எஞ்சின். முதல் இரண்டிலும் சிதைந்து மூன்றாவதில் சரியாக வந்தால், பெரும்பாலும் பாப்ளரின் மேல்தான் பதிய வேண்டும். ஈவின்ஸில் மட்டும் சிதைந்தால் ஈவின்ஸ். கோப்பு எல்லாவற்றிலும் சிதைந்தால், கோப்பே பழுதாக இருக்கலாம்.

பதியும் முன் அதே வழு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடிவிடுங்கள். டெபியனில் "ரிப்போர்ட்பக்", உபுண்டுவில் "உபுண்டு-பக்" கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுத்தால், பதிப்பு எண் போன்ற விவரங்களை அதுவே சேர்த்துக்கொள்ளும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள், சொந்த விவரம் ஏதாவது அதோடு சேரும் லாக் பதிவுகளில் ஒட்டியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், நீங்கள் நேரில் பார்த்த நிரலின் பெயரிலேயே பதியுங்கள். "ஒகுலரிலும் இப்படித்தான், மியூபிடிஎஃப்பில் சரியாக வருகிறது" என்ற ஒரு வரியை மட்டும் விடாமல் எழுதுங்கள். அதைப் பார்க்கும் பராமரிப்பாளர் உரிய பொதிக்கு மாற்றிவிடுவார்.