தினமும் ஒரு படம்: எனக்கு வரையவே வராது என்பவர்களுக்கான செய்முறை

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். போனில் சார்ஜ் இல்லை, மின்விசிறி இல்லை, கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. மெழுகுதிரியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கையில் அகப்பட்ட ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில், முன்னால் இருந்த பிளேன்டீ கிளாசை வரைந்தேன். கேவலமாக வந்தது. அம்மா அதைப் பூச்சாடி என்று நினைத்தார். ஆனால் அந்த இருபது நிமிடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. அடுத்த நாளும் கரண்ட் போனது, அடுத்த நாளும் அதே கிளாஸ்.

பிறகு மின்வெட்டு நின்றது, வரைவதும் நின்றது. சோம்பல்தான் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் அதுவல்ல என்று விளங்கக் கொஞ்சக் காலம் பிடித்தது. இருட்டில் வரைவதற்கு கிளாசைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வரையலாம் என்றாகிவிட்டது, இன்றைக்கு என்ன வரையலாம் என்று யோசிப்பதிலேயே நேரம் போய், ஐடியா தேடப் போனைக் கையில் எடுத்து, அது அப்படியே பதினொரு மணியில் கொண்டுபோய் விட்டுவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

படி 1: சாமான்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று, நீலமோ கறுப்போ ஒரு போல்பொயின்ட் பேனை. கோடு போட்ட கொப்பியே போதும். விலைகூடிய ஸ்கெட்ச் புக் வாங்காதீர்கள், முதல் பக்கத்தைப் பழுதாக்கப் பயந்து அலுமாரிக்குள் வைத்துவிடுவீர்கள் (என்னுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது). பென்சிலும் வேண்டாம். பென்சில் இருந்தால் அழிறப்பர் வரும், அழிறப்பர் வந்தால் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் அழிப்பதில் போய்விடும்.

ஜெல் பேனை கொழும்பு வியர்வைக்குச் சரிவராது, கை பட்டதும் இழுபடும். போல்பொயின்டில் மெதுவாகத் தொட்டால் சாம்பல் நிறம், அழுத்தினால் கருமை, இரண்டும் ஒரே பேனையில் கிடைக்கும். முனையில் மை திரளும், அடிக்கடி ஒரு பழைய பில்லில் துடைத்துவிடுங்கள்.

படி 2: ஞாயிறு இரவே வாரத்துக்கான பொருளை முடிவுசெய்யுங்கள்

இதுதான் முக்கியம். ஒரு வாரம், ஒரே பொருள், ஏழு படம். கிளாஸ், செருப்பு, வெங்காயம், குடை, எதுவானாலும் சரி. அசையாத பொருளாக இருக்க வேண்டும், வீட்டிலும் வேலையிடத்திலும் கிடைக்க வேண்டும். ஆட்களும் பூனையும் முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம். பொருளின் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டால் அதோடு முடிந்தது, செவ்வாய்க்கிழமை மனம் மாறினாலும் மாற்றக்கூடாது.

அலுக்காதா என்று கேட்பீர்கள். அலுக்கும், எனக்கு எப்போதும் புதன்கிழமை அலுக்கும். செருப்பு வாரத்தில் அப்படி அலுத்துப்போய், ஏதோ கடமைக்கு வரைந்துகொண்டிருக்கும்போதுதான் என் வலது குதி உள்பக்கமாக மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டேன். இரண்டு வருடமாக அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

படி 3: நேரமும் வெளிச்சமும்

புதிதாக நேரம் ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள், எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி. போனில் பத்து நிமிடம் அலாரம் வைத்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள், அலாரம் அடித்தால் அரைகுறையாக இருந்தாலும் நிறுத்துங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். மெழுகுதிரி கற்றுத்தந்த பாடம் இது: ஒரே ஒரு விளக்கென்றால் நிழல் வெட்டினாற்போல் விழும், எங்கே கருமை, எங்கே வெள்ளை என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கூரையில் டியூப் லைட் எரிந்தால் நிழல் மங்கிப்போகும். ஜன்னல் ஓரம் நல்லது, ஆனால் நம்மூரில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டிச் சூரியன் விழுந்துவிடும் என்பதால் தள்ளிப்போட முடியாது.

படி 4: சரி, கிளாசை வரைவோம்

முதலில் கிளாசைக் கையில் எடுத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். அதன் வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்ல இறக்குங்கள், கோடு திறந்து நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் இன்னும் உருண்டையாகும். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேசையில் வைத்ததும் அளவு. கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பேனையைக் கிடையாகப் பிடித்து வாயின் அகலத்தைப் பெருவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவைச் செங்குத்தாகத் திருப்பினால் உயரம் அதில் ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா என்று தெரியும். தாளில் நாலு புள்ளி வையுங்கள்.

இப்போது வாய். பேனை தாளில் படாமல் இரண்டு முறை காற்றில் சுற்றிவிட்டு, கை அந்த ஓட்டத்தில் இருக்கும்போதே மெதுவாகத் தாளில் இறக்குங்கள். இரண்டு மூன்று கோடு விழும், விழட்டும். எல்லோரும் விடுகிற முதல் பிழை, நீள்வட்டத்தின் இரண்டு முனையையும் மாவிலை மாதிரிக் கூராக்குவது. முனைகளும் வளைவுதான், எங்கேயும் மூலை கிடையாது.

இரண்டாவது பிழை அடிப்பாகம். கிளாஸ் மேசையில் தட்டையாகத்தானே நிற்கிறது என்று நேர்க்கோடு இழுத்துவிடுவோம். அம்மாவின் பூச்சாடி அப்படி வந்ததுதான். கண்ணிலிருந்து கீழே போகப் போக வட்டம் கூடத் திறந்துகொள்கிறது என்று இப்போதுதானே பார்த்தோம்? ஆகவே அடி, வாயைவிடச் சிறியதாக இருந்தாலும், வாயைவிட உருண்டையாக வளைய வேண்டும். தேத்தண்ணி மட்டம் இரண்டுக்கும் நடுவே.

கடைசியாகக் கருமை. தேத்தண்ணியை ஒரே திசையில் நெருக்கமான சாய்கோடுகளால் நிரப்புங்கள், அதன்மேல் மறுதிசையில் இன்னொரு வரிசை. கிளாசில் மினுங்குகிற இடத்தைத் தொடவே வேண்டாம், வெறும் தாள்தான் அங்கே வெளிச்சம். மேசை நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம், கிளாசை ஒட்டிய இடத்தில் ஆகக் கறுப்பு. திகதி போட்டுக் கொப்பியை மூடுங்கள்.

படி 5: வீட்டில் நேரமே இல்லாத நாள்

காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் தினமும் தொங்குகிறவர்களுக்கு இது. இருக்கை கிடைத்தால் மட்டும், தாளைப் பார்க்காமல் வரையுங்கள். வாரப் பொருளைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, கண் அதன் விளிம்பில் எறும்பு மாதிரி ஊர்ந்து போக, பேனையும் அதே வேகத்தில் போகட்டும். முடிக்கும்வரை தாளைப் பார்க்கக்கூடாது. கோணல்மாணலாக வரும், பஸ்ஸின் குலுக்கலும் அதில் பதியும். கையைவிடக் கண்ணுக்குத்தான் இந்தப் பயிற்சி.

விதியை மீறிப் பக்கத்தில் இருந்தவரை ஒருநாள் வரைந்தேன். பம்பலப்பிட்டி தாண்டியதும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, என்ட மூக்கு இவ்வளவு பெருசா?" என்றார். இறங்கும்போது படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

படி 6: மாதம் ஒருமுறை, போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று

அன்று மட்டும் வெளியே போய் ஒரு மணி நேரம் வரையலாம். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருச் சிவப்புப் பள்ளிவாசல் என் தெரிவு, போயாவில் அந்தப் பக்கம் கூட்டமும் குறைவு. 1909இல் முடிந்த கட்டடம், அதை வடிவமைத்த சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர், அதனால் நமக்கும் கொஞ்சம் தைரியம் வரும். முழுதாக வரையப் போகாதீர்கள், அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை எண்ணியே தலை சுற்றும். மாதுளம்பழம் மாதிரியான குவிமாடம் ஒன்றை மட்டும் எடுங்கள். கிளாசில் பழகிய அதே வளைவுதான் அங்கேயும்.

கொழும்புக் கோட்டைப் பக்கம் காவலரண், முகாம் எதையும் வரைய வேண்டாம். போர்க்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, சின்னவர்களுக்குச் சொல்கிறேன்.

விடுபட்ட நாள்

விடுபடும். திகதியை மட்டும் எழுதிப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்து வரையாதீர்கள், அது கடனாக ஏறும். போன வருடம் டெங்கு வந்து படுத்தபோது என் கொப்பியில் வரிசையாக ஐந்து கோடு. ஆறாம் நாள் வலது கையில் ஊசி ஏறியிருந்ததால் இடது கையால் சேலைன் போத்தலை வரைந்திருக்கிறேன், அந்த வாரத்துப் பொருள் வெங்காயம் என்றாலும்.

இந்த வாரம் எனக்குச் சாவிக்கொத்து. இன்றைக்கு வியாழன், ஆறு சாவியில் இரண்டு எந்தப் பூட்டுக்கு என்று வீட்டில் யாருக்குமே தெரியவில்லை.